ராஜமேரியின் இரண்டு நல்ல கால்கள்

ஆரோக்கியம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளை உட்கார்ந்த நிலையில்தான் பார்த்தார்கள். அது அவளுடைய அண்ணன்கள் செய்த ஏற்பாடு. பாயில் உட்கார வைத்து, "அவங்க போற வரைக்கும் எழுந்திரிக்காத" என்று சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்திருக்கும்போது அவள் மற்றப் பெண்களைப் போலத்தான் இருந்தாள். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் தாய் மட்டும் விவரமானவள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றாள். ஆரோக்கியம்மாள் எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள் என்று பிற்பாடு அவர்கள் ஊரில் போய்ச் சொன்னார்களாம். சொம்போடு திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

இருபத்தாறு வயதில் அவளுக்கு வாய்த்தவர் கஸ்பார், கொத்து வேலைக்காரர். அவளுடைய காது மட்டத்துக்கு இருப்பார். அவர் அவளை முதலில் பார்த்ததே நின்றபடிதான். கோயில் சுவருக்குப் பூச்சு வேலை நடந்தபோது சித்தாளாக வந்தவள், சாரத்தின் மேலிருந்த அவரிடம் சாந்துச் சட்டியைத் தரையில் நின்றே எட்டிக் கொடுத்தாள். குனியாமலே வாங்கிக்கொண்ட கஸ்பாருக்கு அது பிடித்துப்போனது. கலியாணத்துக்குப் பிறகு தம் வீட்டு வாசல் நிலையை எடுத்து உயர்த்திக் கட்டினார். ஊர்ப் பையன்கள் அவர்கள் சேர்ந்து போவதைப் பார்த்து "கொத்தனாரு ஏணியோட போறாரு" என்பார்கள். கஸ்பார் காதில் அது விழாது. ஆரோக்கியம்மாளுக்கு விழும். அவள் தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி நடக்கப் பழகினாள். முதுகு வலி அப்போதே தொடங்கிவிட்டது.

பாலக்கோட்டுக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் ரோட்டை ஒட்டிய சின்ன ஊர் அது. முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், அதைச் சுற்றிக் காடுகரை வைத்திருந்த கவுண்டர் வீடுகள். ஆரோக்கியம்மாள் ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டும், எழும்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்பதில் ஆரம்பித்த வழக்கம் அது. பிறகு அதுவே அவள் சுபாவமாகிவிட்டது. ராகி புடைத்துக்கொண்டே வாசலுக்கு வருவாள், முறத்தை வைத்துவிட்டுத் தெருமுனைவரை போய் வருவாள், வந்ததும் எதற்குப் போனோம் என்று யோசிப்பாள்.

ராஜமேரி ஐம்பத்தேழில் பிறந்தாள். ஒரே பிள்ளை. நான்கு வயதில் ஆறு வயதுப் பிள்ளைகளின் பாவாடை அவளுக்குச் சரியாக இருந்தது. பத்து வயதில் பஸ் கண்டக்டர் அவளுக்கு அரை டிக்கெட் கொடுக்க மறுத்தார்.

"இதுக்கு அரை டிக்கெட்டா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்மா."

"பத்து வயசுதானுங்க. எங்க சாமியாரக் கேட்டுப் பாருங்க."

"சாமியாரு பஸ்ஸுலயா வர்றாரு? எழுந்து நில்லு பாப்பா."

ராஜமேரி எழுந்து நின்றாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தாள். ஆரோக்கியம்மாள் முழு டிக்கெட் வாங்கினாள். தருமபுரி வரும்வரை கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் சிரிப்புதான் அவளை அதிகமாக உறுத்தியது. சிரித்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவர இன்னும் இரண்டொரு வருடம் ஆகும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் பூசை முடிந்து வந்ததும் மகளைச் சுவரோடு நிறுத்திக் கரிக்கோடு போட்டாள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. கஸ்பார் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்து அழித்துப் பார்த்தார். அவள் ஆணியால் கீறத் தொடங்கினாள்.

பக்கத்து நிலத்துக்காரர் நஞ்சப்பன். அவருடைய மகள் மாதம்மாளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிக் கட்டையாகிப் போயிருந்தது. பெங்களூரில் கன்னியர் நடத்திய ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கட்டுப் போட்டிருந்தது வலது காலில். ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. கெட்ட காலை விட்டுவிட்டு நல்ல காலை அறுத்துவிட்டார்கள் என்றார்கள்.

ஆரோக்கியம்மாள் போய் விசாரித்தாள். நஞ்சப்பன் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"கட்டக் காலு வளர்றது மெதுவா. நல்ல காலு வேகமா போவுது. அதனால நல்ல காலோட வளர்த்திய நிறுத்தி வெச்சிருக்காங்க. கட்டக் காலு வந்து சேர்ந்துக்குமாம்."

"வளர்றத நிறுத்த முடியுமாங்கண்ணா?"

"முட்டிகிட்ட ஆணி மாதிரி என்னமோ அடிச்சிருக்காங்கம்மா. எலும்பு அங்கதான் வளருமாம்."

ஆரோக்கியம்மாள் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவுக்கு வந்துவிட்டாள். ஒரு காலை நிறுத்த முடியுமென்றால் இரண்டையும் நிறுத்தலாம். இவ்வளவு சுலபமான விஷயம் வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று ராகிக் களி கிண்டும்போது அடிப்பிடித்தது. கஸ்பார் தீய்ந்ததை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் அல்போன்ஸ் மங்களூர்ப் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோடம்மா, மாதம்மாளுக்கு ஒரு கால் கட்டை. அதுக்காக இன்னொண்ணை நிறுத்தினோம். உன் மகளுக்கு ரெண்டும் சமமா இருக்கு. இதுல நோய் எங்கே?"

"ஒசரந்தானுங்க நோயி."

"உயரம் நோய் இல்லை."

"ஒங்களுக்கு இல்லீங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவளும் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து நின்றாள், தோளைக் குறுக்காமல். டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, வெளிநாட்டில் சில பேர் இப்படிச் செய்வதாகப் படித்திருப்பதாகவும், தான் செய்ததில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் மறுபடி போனாள். மழைக்காலம் கழிந்ததும் இன்னொரு முறை போனாள். ஓசூர் தாண்டும்வரை பஸ்ஸில் உட்கார மாட்டாள், இடம் இருந்தாலும் நிற்பாள். அந்த முறை மகளையும் கஸ்பாரையும் கூட்டிப்போனாள். டாக்டர் ராஜமேரியின் முட்டிக்கும், எலும்பின் வயதை அறிய இடது கைக்கும் எக்ஸ்ரே படம் எடுத்தார். கையெலும்புப் படங்களாக நிறைந்த ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். பெண் வயதுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டார். இல்லை என்றாள் ஆரோக்கியம்மாள்.

"இப்படியே விட்டால் ஆறடியைத் தாண்டுவாள்" என்றார்.

ஆரோக்கியம்மாள், தன்னைவிட அரைச் சாண் கூடுதலாக இருக்குமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவ்வளவு உயரத்தில் ஒரு ஆம்பிளையைக்கூட அவள் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் முட்டியை வரைந்து காட்டினார். தொடை எலும்பின் அடியிலும் கீழ்க்கால் எலும்பின் மேலேயும் குருத்து மாதிரி ஒரு இடம் உண்டு, எலும்பு வளர்வது அங்கேதான். அந்தக் குருத்தின் இரண்டு பக்கமும் 'ப' எழுத்துப் போல வளைந்த இரும்புக் கொக்கிகளை அடித்து விட்டால் வளர்ச்சி அங்கே கட்டுப்படும். பிறகு இன்னின்ன ஆபத்து என்றும் சொன்னார். கொக்கி நழுவலாம். ஒரு பக்கம் நின்று ஒரு பக்கம் வளர்ந்தால் முட்டி கோணும். இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். இடுப்புக்கு மேலே வளர்வதை இது தடுக்காது. எங்கே போய் நிற்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது.

ஆரோக்கியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கஸ்பார் மட்டும், "நல்ல காலு ரெண்டுலயும் எதுக்குங்க கத்தி?" என்று மெதுவாகக் கேட்டார். டாக்டர், "யோசித்துச் சொல்லுங்கள்" என்று எழுந்து போனார்.

ராஜமேரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாத தூரத்துக்குப் போய்க் கணவனும் மனைவியும் பேசினார்கள்.

"பொண்ணு நல்லாத்தான இருக்குறா, ஆரோக்கியம்."

"உங்ககூட நான் நடந்து போறப்ப எத்தினி பேரு சிரிச்சாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"நான் கேட்டதில்ல."

"நான் கேட்டிருக்கறன். நாயித்துக்கெழம நாயித்துக்கெழம கேட்டன். இவ அத கேக்கக் கூடாது."

கஸ்பார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உன் இஷ்டம்" என்றார். மகளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவும் இல்லை.

அறுபத்தொன்பதில் கோடை விடுமுறை விட்டதும் ராஜமேரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலுக்குச் சின்னதாக ஒரு வைத்தியம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தாள் தாய். அந்த வார்டில் எல்லாம் வாதம் வந்த பிள்ளைகள். இரும்புப் பட்டை மாட்டியவர்கள், கட்டையை ஊன்றி நடப்பவர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமி, ஓசூர்க்காரி, விசாரித்தாள்.

"ஒனக்கு எந்தக் காலு?"

"ரெண்டும்."

"ரெண்டுமா? எங்க காட்டு."

ராஜமேரி போர்வையை விலக்கிக் காட்டினாள். அந்தச் சிறுமி எட்டிப் பார்த்தாள். தன் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டும் நல்லாத்தான இருக்குது. நல்லா ஓடுவியா?"

"ஓடுவன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்த?"

ராஜமேரி தாயைப் பார்த்தாள். ஆரோக்கியம்மாள் அந்த நேரத்தில் ஜக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். ஜக்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

ஆபரேஷன் நடந்த காலைப்பொழுது முழுவதும் அவள் ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றி நடந்தாள். மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் போய் நிற்பாள், ஜெபம் பாதியில் மறந்துவிடும், மறுபடி நடப்பாள். துணி துவைக்கிற இடம், சமையற்கட்டு, பின்வாசல், திரும்பவும் கெபி. ஒரு கன்னியர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தாள். அவர் போனதும் எழுந்துவிட்டாள்.

கட்டுப் பிரித்தபோது ஒவ்வொரு முட்டிக்கும் இரு பக்கமும் நீளத் தழும்புகள் இருந்தன. ராஜமேரி அழவில்லை. முட்டியை மடக்கச் சொன்னபோது உதட்டைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். பாதிதான் மடங்கியது.

ஊருக்கு வந்த பிறகு கால்கள் உண்மையாகவே நின்றுபோயின. கீறல் கோடுகளின் இடைவெளி சுருங்கியது. வருடத்துக்கு இரண்டு தடவை தைக்க வேண்டியிருந்த பாவாடையை இப்போது பழசாகும் மட்டும் உடுத்தினாள். ரவிக்கைதான் பத்தாமல் போயிற்று. டாக்டர் சொன்னபடி இடுப்புக்கு மேலே உடம்பு தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. கைகளும் வளர்ந்தன. ஆரோக்கியம்மாள் சில நாள் மகளை நிற்க வைத்துப் பார்ப்பாள், சில நாள் உட்கார வைத்துப் பார்ப்பாள். ஒன்று சந்தோஷமாக இருக்கும், மற்றது பயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெரிய சங்கடம். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் கோயில் முழுக்க முழந்தாளில் இருக்கும். ராஜமேரியால் முழந்தாள் போட முடியவில்லை. தோலுக்கு அடியில் கொக்கிகள் இருக்கும் இடத்தில் தரை பட்டதும் கண் இருட்டும். அவள் பெண்கள் பக்கத்தில் கடைசியில் நிற்பாள். எல்லோரும் தலை குனிந்து தாழ்ந்திருக்கும்போது அவள் ஒருத்தி மட்டும் தூண் போல நின்றுகொண்டிருப்பாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. ஆரோக்கியம்மாள் முழந்தாளில் இருந்தபடியே மகள் பக்கம் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொள்வாள். உயரத்தை மறைக்கப் போய், ஊர் முழுக்கக் குனியும்போது மகளை நிற்க வைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றும். வெளியே வந்ததும் யாரிடமும் பேசாமல் வேகமாக வீட்டுக்கு நடப்பாள்.

எழுபதாம் வருடக் கடைசியில், கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாவாடை போட்டுப் பார்த்தபோது அவள் அதைக் கண்டாள். ராஜமேரி இரண்டு பாதங்களையும் சேர்த்து வைக்க முடியாமல் நின்றாள். இடது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து வலது முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா இப்பிடி இருக்குது?"

"தெரியல."

"தெரியாம எப்பிடிக் கண்ணு இருக்கும்?"

"மழக்காலத்துல இருந்து. சொன்னா நீ நடந்துக்கிட்டே இருப்ப. அதான் சொல்லல."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மூன்று பேரும் கிளம்பினார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துக் காட்டினார். இடது முட்டியின் உள்பக்கத்துக் கொக்கிகள் நழுவி எலும்பிலிருந்து வெளியே வந்திருந்தன. வெளிப்பக்கத்தவை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தன. ஆகவே உள்பக்கம் மட்டும் வளர்ந்து, முட்டி உள்ளே சாய்ந்திருந்தது.

"நான் சொன்ன ஆபத்துகளில் இது ஒண்ணு. சரிசெய்யலாம். ரெண்டு வழி இருக்கு" என்றார். வெளிப்பக்கத்துக் கொக்கி இப்போதைக்கு இருக்கட்டும், உள்பக்கம்... என்று ஆரம்பித்தவர், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். கோணலை நேராக்கிவிட்டு, மறுபடி கொக்கி அடித்து, வளர்ச்சி முடியும்வரை வைத்திருக்கலாம். இல்லையென்றால் இரண்டு காலிலும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். எடுத்தால் எலும்பு மறுபடி வளரக்கூடும், எவ்வளவு என்று சொல்ல முடியாது.

"புடுங்கிடுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள். "எல்லாத்தையும் புடுங்கிடுங்க டாக்டரய்யா. எவ்ளோ வேணா வளரட்டும். ஏழடி வளரட்டும்."

டாக்டர் ராஜமேரியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நீ என்ன சொல்றே?"

ராஜமேரிக்கு அப்போது பதின்மூன்று முடிந்திருந்தது. அந்தக் கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது என்பது விளங்க அவளுக்குக் கொஞ்சம் நேரமானது. கஸ்பார் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

"எடுக்க வேணாங்க" என்றாள்.

"ஏன் கண்ணு?" தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா தெரியாம பண்ணிட்டன். வேணாம் சாமி. போதும்."

"நீதான ஆரம்பிச்ச. இப்ப எடுத்தா இத்தினி நாளு நான் நின்னதெல்லாம் எதுக்கு? கோயில்ல நின்னது, பள்ளிக்கூடத்துல வெளையாடாம நின்னது. மறுபடியும் வளர்ந்தா நீ மறுபடியும் கோடு போடுவ." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். பிறகு டாக்டரிடம், "நேராக்கிட்டு, திரும்ப அடிச்சிடுங்க. முடிச்சிடலாம்" என்றாள்.

"வலிக்கும்" என்றார் டாக்டர்.

"தெரியுங்க."

ஆரோக்கியம்மாள் மகளோடு வாக்குவாதம் செய்தாள், கெஞ்சினாள், கஸ்பாரைப் பேசச் சொன்னாள். கஸ்பார், "மொதல்ல உன்ன வுட்டன். இப்ப அவள வுடு" என்றார். அவர் வாழ்க்கையில் அவளிடம் அவ்வளவு கடுமையாகப் பேசியது அந்த ஒரு முறைதான் என்பார்கள்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு கோணல் பெரும்பாலும் நேரானது. ராஜமேரி அதற்குள் வயதுக்கும் வந்துவிட்டிருந்தாள், வளர்ச்சி தானாகவே அடங்கத் தொடங்கியது. எழுபத்திரண்டு கடைசியில் டாக்டர் எல்லாக் கொக்கிகளையும் எடுத்தார். இனி அளக்க ஒன்றுமில்லை என்றார். அளந்து பார்த்தால் ராஜமேரி தாயின் உயரத்துக்கு வந்து நின்றிருந்தாள், ஒரு விரல்கடை கூடவோ குறையவோ. இத்தனை ஓட்டமும் இதற்குத்தானா என்று ஆரோக்கியம்மாளுக்கு இருந்தது. ஓடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்கவும் வழியில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மனசு போய்ப் போய் வந்தது.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் வரன் வந்தது. ராஜமேரி உட்காரவில்லை, வந்தவர்களை வாசலில் நின்றுதான் வரவேற்றாள். உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா வேறொன்று கேட்டாள்.

"காலுல என்னமோ ஆபரேசன்னாங்களே. குந்த முடியுமாம்மா? எங்களுக்குக் கடலக்காய்க் காடு. குந்திக் களையெடுக்கணும்."

"முழுசா குந்த முடியாதுங்க" என்றாள் ராஜமேரி.

அவர்கள் காபி குடித்தார்கள், தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர்கள் பஸ் ஏறும் முன்பே ஆரோக்கியம்மாள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பிறகு வந்த இரண்டு வரன்களும் அதையேதான் கேட்டன. ராஜமேரி மூன்றாவது வரனுக்குப் பிறகு ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள். "நின்னுக்கிட்டே செய்யற வேல" என்று அப்பாவிடம் சொன்னாளாம். கஸ்பார் சிரித்தார். எழுபத்தாறில் பென்னாகரத்தில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினாள்.

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் பென்னாகரம் பக்கத்திலிருந்து தீர்த்தம்மாள் என்றொரு பெண் ஆரோக்கியம்மாளைத் தேடி வந்தாள். நான்கு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம். கூடவே அவள் மகள் காசியம்மாள், பதினைந்து வயதுக்காரி. வாசலில் நுழையும்போது அந்தப் பெண் பழக்கத்தில் குனிந்தாள். அந்த வீட்டில் அதற்குத் தேவையிருக்கவில்லை.

"டீச்சருகிட்ட கேட்டனுங்க" என்றாள் தீர்த்தம்மாள். "ஏதோ வைத்தியம் இருக்குதாமே, வளர்த்தியக் கட்டறதுக்கு. பண்ணலாமான்னு கேட்டன். எங்கம்மாவக் கேளுங்கன்னுட்டாங்க."

"எம்பொண்ணு அப்பிடியா சொன்னா?"

"ஆமாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

ஆரோக்கியம்மாள் அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கி உள்ளே வைத்தாள். மறுபடி வந்தாள். மகள் இவர்களை எதற்காகத் தன்னிடம் அனுப்பினாள்? நம்பி அனுப்பினாளா, நீ செய்ததற்கு நீயே பதில் சொல் என்று அனுப்பினாளா? அது அவளுக்குப் பிடிபடவில்லை. போங்கள் என்று சொல்ல வாய் வந்தது, போகாதீர்கள் என்று சொல்லவும் வந்தது.

"எனக்கு வழி தெரியும். எந்த டாக்டருன்னு தெரியும். பண்ணலாமா வேணாமான்னு கேட்டா தெரியலம்மா. வாங்க, நான் கூட்டிட்டுப் போறன்" என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் காசியம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஓசூர் நெருங்கும்போது கேட்டாள்.

"வலிக்குமா பெரிம்மா?"

"வலிக்கும்."

"ரொம்பவா?"

"எம்பொண்ணு அழுவல. அதனால எவ்ளோன்னு எனக்குத் தெரியல."

கம்பியைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கையை ஆரோக்கியம்மாள் பார்த்தாள். நகங்களைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.

டாக்டர் அல்போன்ஸுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. ஆரோக்கியம்மாளை அவருக்கு உடனே நினைவிருந்தது. காசியம்மாளுக்குப் படம் எடுத்தார். வயதுக்கு வந்து எவ்வளவு காலம் என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் தாண்டிடுச்சிங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

"நோடம்மா, குருத்து மூடிக்கிட்டு இருக்கு. இவள் வளர்ந்து முடிஞ்சாச்சு. கத்திக்கு இங்கே வேலையே இல்லை."

"அப்ப இவ இவ்ளோதானுங்களா?"

"இவ்வளவுதான்."

தீர்த்தம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷமா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. காசியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆரோக்கியம்மாள் பக்கத்தில் போனாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது ஆரோக்கியம்மாள் தன் ஊரில் இறங்கவில்லை. அவர்களோடு பென்னாகரம்வரை போய், மகளின் அறைக் கதவைத் தட்டினாள். ராஜமேரி பள்ளிப் புடவையை இன்னும் மாற்றவில்லை.

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் பண்ண வேணாமாம். வளர்ந்து முடிச்சிட்டாளாம்."

ராஜமேரி தலையை அசைத்துவிட்டு ஸ்டவ்வில் பால் வைத்தாள். ஆரோக்கியம்மாள் வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு காலாக நின்றாள்.

"எதுக்குக் கண்ணு எங்கிட்ட அனுப்புன? போங்கன்னோ வேணாம்னோ நீயே சொல்லியிருக்கலாமில்ல."

"எனக்கு வலிச்சது மட்டுந்தாம்மா தெரியும். ஒசரமா இருந்தா எப்பிடி இருக்கும்னு ஒனக்குத்தான தெரியும்."

"நீயும் என் ஒசரந்தான."

"இருக்கலாம். ஆனா என்னப் பாத்து யாரும் ஒசரம்னு சிரிச்சதில்ல. கால எதுக்கு நீட்டிக்கிட்டு குந்தறன்னுதான் கேட்டாங்க." பால் பொங்கி வந்தது, அவள் இறக்கி வைத்தாள். "அவங்ககிட்ட என்னா சொன்ன?"

"எனக்குத் தெரியலன்னு சொன்னன்."

"அதச் சொல்ல ஒனக்கு மட்டுந்தாம்மா முடியும். நான் சொல்லியிருந்தா, வேணாம்னு சொல்ற மாதிரி இருந்திருக்கும்."

ராஜமேரி காபியை ஆற்றித் தாயின் கையில் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை, பஸ் எப்போது என்றும் கேட்கவில்லை. ஆரோக்கியம்மாள் பாதி குடித்தாள். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டதும் டம்ளரோடு வெளியே போய் எட்டிப் பார்த்தாள். அது எதிர்ப்பக்கம், ஒகேனக்கல் போகிற வண்டி. திரும்பி வந்து மீதியைக் குடித்தாள்.